வரி குறைந்தால் வியாபாரம் வளருமா?



மே 5 வணிகர் தின மாநாட்டு மேடையாக இருந்தாலும் சரி, பத்துப் பேர் கூடுகிற கிளைச் சங்கக் கூட்டமாக இருந்தாலும் சரி, நம்மவர்கள் பேச எழுந்தால் முதல் கோரிக்கை ஒன்றுதான். "வரியைக் குறையுங்கள், வியாபாரம் வளரும், நாடும் வளரும்." நானும் முப்பத்தைந்து வருடமாக இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியவன்தான். பிசிராந்தையார் பாண்டிய மன்னனுக்குச் சொன்ன யானை உவமையையும் சேர்த்துக்கொண்டால் கைதட்டல் இரட்டிப்பாகும். 2019 பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் திருமதி நிர்மலா சீதாராமன் அவர்களே நாடாளுமன்றத்தில் அதைச் சொல்லிவிட்டார்கள். இனிமேல் அந்த யானைக்குச் சற்று ஓய்வு கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஏனென்றால், நாம் கேட்பது சரிதானா என்று நாம் ஒருமுறையும் கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. நான் போட்டுப் பார்த்தேன். பாதி சரி, பாதி சரியில்லை. எந்தப் பாதி சரியில்லை என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். வந்தாலும் பரவாயில்லை.

முதலில் அரிசி மூட்டையிலிருந்து தொடங்குகிறேன். மதுரை கீழமாசி வீதிப் பக்கம் மொத்தமும் சில்லறையுமாகக் கடை வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் மாதாமாதம் மூட்டை எடுப்பவர். 2022-இல் ஒருநாள் மூட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, எப்பவும் 25 கிலோதானே இருக்கும்? இது என்ன 26 கிலோ?" என்று கேட்டார். "டீச்சரம்மா, 25-க்கு வரி உண்டு, 26-க்கு இல்லை" என்றேன். "அப்போ ஒரு கிலோ கூட வாங்கினா வரி கிடையாதா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 2022 ஜூலை 18 முதல், பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, கோதுமை, மாவு வகைகளுக்கு 25 கிலோ வரை 5 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று ஆயிற்று. அதற்கு முன்பு பதிவு பெற்ற பிராண்டு பெயர் இருந்தால்தான் வரி. அப்போது பிராண்டு உரிமையையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. எடையை வைத்து வரி என்றதும் ஆலைக்காரர்கள் 26 கிலோ மூட்டை போட்டார்கள். கிலோ 60 ரூபாய் அரிசி என்றால் 25 கிலோ மூட்டை ரூ.1,500, அதற்கு வரி ரூ.75. ஒரு மூட்டையில் நமக்கு 20, 30 ரூபாய் நிற்பதே பெரிய பாடு. அந்த இடத்தில் 75 ரூபாய் என்பது சாதாரணத் தொகை இல்லை. எனவே 26 கிலோ மூட்டை போட்டவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் நாட்டுக்கு இதில் கிடைத்தது என்ன? புதிய சாக்குகள் அச்சானது. தராசுக் கணக்கு மாறியது. சுமை தூக்கும் தோழர் முதுகில் ஒரு கிலோ கூடியது. அதனால் யாரும் ஒரு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிடவில்லை. அந்த மூட்டையிலிருந்து அரசுக்கும் ஒரு பைசா போகவில்லை. அதைவிட என் மனதை உறுத்துவது வேறொன்று. ஒரே மூச்சில் 1,560 ரூபாய் எடுத்து வைத்து 26 கிலோ வாங்க முடிகிறவருக்கு வரி இல்லை. சாக்கைப் பிரித்து எடை போட்டு இரண்டு கிலோ, மூன்று கிலோ வாங்குகிறவருக்கும் இல்லை. நடுவில், வாரச் சம்பளத்தில் 5 கிலோ, 10 கிலோ பை எடுக்கும் குடும்பம்தான் வரி கட்டுகிறது. எந்த அதிகாரியும் வேண்டுமென்று இப்படிச் செய்திருக்க மாட்டார். கோடு போட்டால் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்பது மனித சுபாவம். வரி எவ்வளவு என்பது ஒரு கேள்வி என்றால், கோட்டை எங்கே போட்டார்கள் என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

இனி, விகிதம் குறைந்தால் வளர்ச்சி வரும் என்ற கதைக்கு வருவோம். 1974-இல் வாஷிங்டன் நகரில் ஓர் உணவு விடுதியில் ஆர்தர் லாஃபர் என்ற பொருளாதாரப் பேராசிரியர் கை துடைக்கும் துணியில் ஒரு வளைகோடு போட்டுக் காட்டினார் என்று சொல்வார்கள். சிகரெட் அட்டையின் பின்னால் கணக்குப் போடும் நமக்கு அது ஒன்றும் புதிதில்லை. வரி பூஜ்யம் என்றால் வசூலும் பூஜ்யம். வரி நூறு சதவீதம் என்றாலும் வசூல் பூஜ்யம், ஏனென்றால் எவனும் உழைக்க மாட்டான். நடுவில் எங்கோ ஓர் உச்சி இருக்கிறது. அதைத் தாண்டி ஏற்றினால் வசூலும் தொழிலும் சேர்ந்து விழும். சொன்னது சரி. உச்சி எங்கே இருக்கிறது என்பதைத்தான் அந்தத் துணியில் யாரும் குறிக்கவில்லை.

நம் நாடு அந்த உச்சியைத் தாண்டி வெகுதூரம் போய் நின்ற காலம் ஒன்று உண்டு. 1973-74-இல் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 85 சதவீத வரி, அதன்மேல் 15 சதவீத சர்சார்ஜ், ஆக மொத்தம் 97.75 சதவீதம். மேலே சம்பாதிக்கும் நூறு ரூபாயில் கையில் நிற்பது இரண்டே கால் ரூபாய். சொத்து வரி தனி. ஓய்வு பெற்ற தலைமை நீதிபதி வாஞ்சூ தலைமையிலான குழு, கறுப்புப் பணத்துக்கு இந்த விகிதமே முதற்காரணம் என்று அதற்கு முன்பே அறிக்கை கொடுத்திருந்தது. 1974-இல் 77 சதவீதமாகவும், 1976-இல் 66 சதவீதமாகவும் குறைத்தார்கள். 1985-இல் திரு. வி.பி. சிங் 50 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார். வசூல் குறையவில்லை, கூடியது. உடனே "பார்த்தீர்களா!" என்று எழுந்துவிடாதீர்கள். அதே காலத்தில்தான் சோதனைகளும் கடுமையாக நடந்தன. பயந்து கட்டியவர் எத்தனை பேர், விகிதம் குறைந்ததால் கட்டியவர் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. 1997-இல் திரு. ப. சிதம்பரம் 10, 20, 30 சதவீதம் என்று மூன்று படிகளாக்கினார். அது நல்ல சீர்திருத்தம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அடுத்த ஆண்டே கஜானா நிரம்பி வழிந்துவிடவில்லை. 97-இலிருந்து 50-க்கு இறங்குவது வேறு. 40-இலிருந்து 30-க்கு இறங்குவது வேறு.

வருமான வரியை விடுவோம். நம் தொழிலுக்கு நெருக்கமானது விற்பனை வரிதான். 1939-இல் ராஜாஜி சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். மதுவிலக்கால் இழந்த வருமானத்தை ஈடுகட்டத்தான் அது வந்தது. அப்போது விகிதம் அரை சதவீதம். அரை சதவீதத்துக்கு யாரும் கணக்குப் புத்தகத்தை இரண்டாக எழுத மாட்டார்கள். பிறகு 1959 சட்டம் வந்து, கூடுதல் விற்பனை வரி, சர்சார்ஜ் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, 2007 ஜனவரியில் வாட் வந்தபோது 4 சதவீதம், 12.5 சதவீதம் என்று நின்றது. 2011 ஜூலையில் அதுவும் 5, 14.5 ஆனது.

இங்கேதான் ஒரு கணக்கைச் சொல்ல விரும்புகிறேன். இதை எந்தப் பொருளாதார நிபுணரும் நம்மளவுக்கு அறிய மாட்டார். மளிகை மொத்த வியாபாரத்தில் லாபம் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வரி 12.5 சதவீதம். ஆயிரம் ரூபாய் சரக்கை நான் 1,030-க்கு வைத்து வரியும் போட்டால் ஏறத்தாழ 1,160. பில் இல்லாமல் ஓட்டுகிற இரண்டாம் நம்பர் ஆசாமி அதையே 1,080-க்குக் கொடுப்பார். அவருக்கு 80 ரூபாய் நிற்கும், எனக்கு 30. பதிவு எண் இல்லாத சின்னக் கடைக்காரருக்கு அவரிடம் வாங்கினால் 80 ரூபாய் மிச்சம். பிறகு யாரிடம் போவார்? பன்னிரண்டு வருட வாடிக்கையாளர் ஒருவர் என்னிடம் நேரிலேயே வந்து, "அண்ணாச்சி, உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா எனக்கும் வீட்ல பிள்ளைங்க இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்மீது எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம், என்னிடம் அன்று பதில் இல்லாமல் போனதே என்பதுதான்.

வரி விகிதம் லாப விகிதத்தைப்போல நாலு மடங்கு இருக்கும்போது, ஏமாற்றினால் கிடைப்பது உழைத்தால் கிடைப்பதைவிட அதிகம். இதுவே வளர்ச்சியைக் கெடுக்கும் இடம். எப்படி என்று கேட்கலாம். இரண்டாம் நம்பரில் ஓடுகிற கடை பெரிதாக முடியாது. விற்றுமுதலைக் காட்ட முடியாததால் வங்கியில் கடன் கேட்க முடியாது. கிடங்கு கட்ட முடியாது. மகனுக்குத் தொழிலைக் கணக்கோடு ஒப்படைக்க முடியாது. கந்துவட்டிக்கு வாங்கித்தான் சரக்கு எடுக்க வேண்டும். நேர்மையாக நடத்துகிறவரோ வாடிக்கையை இழந்து சுருங்குவார். இரண்டு பக்கமும் கடைகள் சின்னதாகவே இருந்துவிடுகின்றன. இப்படிப்பட்ட இடத்தில் வரியைக் குறைத்தால் அது நிச்சயம் பலன் தரும். நாம் மேடையில் சொல்வதில் சரியான பாதி இது.

மற்றப் பாதிக்கு வருகிறேன். 2019 செப்டம்பர் 20 அன்று கம்பெனிகளுக்கான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாக மத்திய அரசு குறைத்தது. புதிதாகத் தொடங்கும் உற்பத்தித் தொழிலுக்கு 15 சதவீதம். ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருமானம் போகும் என்று அரசே சொன்னது. தொழிற்சாலைகள் பெருகும், வேலை பெருகும் என்றார்கள். அந்த ஆண்டு வளர்ச்சி முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது; கம்பெனி வரி வசூல் ஒரு லட்சம் கோடிக்கு மேல் சரிந்தது. அதற்கடுத்த ஆண்டு கொரோனா வந்துவிட்டதால் நியாயமான பரிசோதனை நடக்கவில்லை என்று அவர்கள் தரப்பில் சொல்லலாம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கடையிலிருந்து பார்த்தால் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தச் சமயத்தில் வாங்குகிறவர் கையில் பணம் இல்லை. விற்காத பிஸ்கட்டை இன்னும் அதிகமாகச் செய்ய எந்தக் கம்பெனி புது மிஷின் போடும்? வரி மிச்சமான பணம் பழைய கடனை அடைக்கவும், பங்குதாரருக்குக் கொடுக்கவும்தான் போகும். நாமும் அதைத்தானே செய்வோம்.

அமெரிக்காவிலும் இதே பாடம்தான். கன்சாஸ் மாநிலத்தில் 2012-இல் வருமான வரியைப் பெருமளவு குறைத்தார்கள். சிறு தொழில் வருமானத்துக்கு வரியே இல்லை என்றார்கள். வளர்ச்சி வரவில்லை, பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கப் பணம் இல்லை, 2017-இல் அவர்களே திரும்ப ஏற்றினார்கள்.

கன்சாஸ் நமக்குத் தூரம். கொழும்பு பக்கம். புறக்கோட்டை மொத்த வியாபாரத் தெருக்களில் தமிழ் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக இருப்பது நமக்குத் தெரியும். 2019 இறுதியில் அங்கே புதிய அரசு வந்த கையோடு மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது. வரிப் பதிவு செய்ய வேண்டிய வரம்பை ஆண்டுக்கு 1.2 கோடி ரூபாயிலிருந்து 30 கோடியாக உயர்த்தியது. நம் மாநாட்டுத் தீர்மானம் ஒன்றை அப்படியே நிறைவேற்றியது போல இருந்தது. நானே அப்போது, "பாருங்கள், சின்ன நாடு, எவ்வளவு தைரியம்!" என்று சங்கக் கூட்டத்தில் பேசியிருக்கிறேன். அச்சில் அதை ஒப்புக்கொள்வதுதான் முறை.

நடந்தது என்ன? நாட்டு உற்பத்தியில் சுமார் 12 சதவீதமாக இருந்த வரி வருமானம் ஒரே வருடத்தில் 8 சதவீதம் அளவுக்கு வந்துவிட்டது. கடன் கொடுப்பவர்கள் நம்பிக்கை இழந்தார்கள். அரசு நோட்டு அடித்துச் சமாளித்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அந்த வருடம் செப்டம்பரில் விலைவாசி ஏற்றம் ஏறத்தாழ 70 சதவீதம். உணவுப் பொருள் வந்த கன்டெய்னர்களை எடுக்க டாலர் இல்லாமல் கொழும்புத் துறைமுகத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். வரிக் குறைப்பு ஒன்றே காரணம் என்று சொன்னால் அது பொய். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, கொரோனாவால் சுற்றுலா நின்றது, 2021-இல் ரசாயன உரத்துக்குப் போட்ட தடை எல்லாம் சேர்ந்துதான் கவிழ்த்தன. ஆனால் புயல் வருமுன்பே படகின் அடிப்பலகையைக் கழற்றியது அந்த வரிக் குறைப்பு. இன்று அங்கே மதிப்புக் கூட்டு வரி 18 சதவீதம், 2024 ஜனவரியிலிருந்து. 15 சதவீதம் கனமாக இருக்கிறது என்று சொன்ன வணிகர், இரண்டு வருடச் சலுகைக்குப் பிறகு 18 கட்டுகிறார்.

அரசு வாங்குகிற வரி எல்லாம் கிணற்றில் போட்ட கல் என்பது போல நாம் பேசுவதும் தவறு. மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியபோது 1 கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். அரசியல் பேசவில்லை, கல்லாவைத்தான் பேசுகிறேன். மாதம் பிறந்து பத்து நாளோடு ஓய்ந்துவிடும் சில்லறை வியாபாரம், அந்த ஆண்டு முதல் நடுமாதத்தில் இன்னொரு முறை எழுந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். வரியாகப் போனது மிளகாய், எண்ணெய், துவரம் பருப்பாகத் திரும்பி வந்தது. வரியைக் குறை என்று கேட்கிறவர், அந்தப் பணம் எங்கிருந்து வர வேண்டும் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

இப்போது 2025 செப்டம்பர் 22-க்கு வருகிறேன். 12, 28 சதவீதப் படிகளை எடுத்துவிட்டுப் பெரும்பாலான சரக்குகளை 5, 18 என்ற இரண்டு படிகளுக்குள் கொண்டுவந்தார்கள். சோப்பு, பற்பசை, ஷாம்பு, தலை எண்ணெய், பிஸ்கட் எல்லாம் 18-இலிருந்து 5. நெய், வெண்ணெய் 12-இலிருந்து 5. நான் முன்னே சொன்ன இரண்டு சோதனைகளிலும் இது தேறுகிறது. வாங்குகிறவர் மடிக்கு நேராகப் போகிற சலுகை. இரண்டாம் நம்பர் ஆசாமியின் லாபத்தைக் குறைக்கிற சலுகை. மனமார வரவேற்கிறேன். ஐந்து ரூபாய் பிஸ்கட் 4 ரூபாய் 45 பைசா என்றும், ஒரு ரூபாய் மிட்டாய் 88 பைசா என்றும் விலை வந்தபோது மீதி 12 பைசாவுக்கு எங்கே போவது என்று தெரியாமல் விழித்தோம். 25 பைசாவையே 2011-இல் செல்லாததாக்கிவிட்டார்களே! பிறகு கம்பெனிகள் கிராமைக் கூட்டி பழைய விலைக்கே கொண்டுவந்தது தனிக்கதை.

ஆனால் இந்த நல்ல காரியத்தில் அடிபட்டது யார்? செப்டம்பர் 21 இரவு கடையில் சரக்கு வைத்திருந்த சிறு வணிகர். முறையான பதிவில் இருப்பவருக்காவது 18 சதவீத உள்ளீட்டு வரி கணக்கில் நிற்கும். 5 சதவீத விற்பனையில் மெல்ல மெல்லக் கழியும். பணம் முடங்கினாலும் போகாது. ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி விற்றுமுதலுக்குள் இருந்து ஒரு சதவீத இணக்க வரி கட்டுகிறவருக்கு அந்த வழி இல்லை. பதிவே தேவையில்லாத பெட்டிக்கடைக்காரருக்கும் இல்லை. 118 ரூபாய் கொடுத்து வாங்கிய சரக்கு மறுநாள் காலை மொத்தக் கடையில் 105 ரூபாய். ஐம்பதாயிரம் ரூபாய் சரக்கு இருந்தால் 5,500 ரூபாய் காற்றோடு போனது. தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு வந்த வாடிக்கையாளர் புது விலைக்குத்தான் கேட்பார். கொடுக்காவிட்டால் நாம் கொள்ளைக்காரர். சில கம்பெனிகள் வித்தியாசத்தை விநியோகஸ்தர் மூலம் ஈடு செய்தன. சில கம்பெனிகளின் ஆட்கள் அந்த மாதம் போனையே எடுக்கவில்லை. என்னிடம் சரக்கு எடுக்கும் சிறு கடைக்காரர்கள் பலர் அந்த நஷ்டத்தைத் தாங்களே ஏற்றார்கள். நாட்டின் வளர்ச்சிக்கு அவர்கள் கொடுத்த நன்கொடை என்று எந்தக் கணக்கிலும் அது வராது.

ஆகையால் அடுத்த மாநாட்டில் "வரியைக் குறையுங்கள்" என்ற பழைய தீர்மானத்தைத் தூசி தட்டி எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பதில் இரண்டே கோரிக்கைகள் போதும். விகிதம் மாறும் நாளில் இணக்க வரி வணிகரின் கையிருப்புக்கு, கொள்முதல் பில்லைக் காட்டினால் வித்தியாசத்தைத் திருப்பித் தர ஒரு வழி வேண்டும். அரிசி பருப்புக்கு 25 கிலோ என்ற கோட்டை அழிக்க வேண்டும். வரி இல்லை என்றால் எல்லா எடைக்கும் இல்லை என்று இருக்கட்டும். அதனால் போகிற வருமானத்தை 40 சதவீதப் பட்டியலில் உள்ள ஆடம்பரச் சரக்குகளில் தேடிக்கொள்ளட்டும். இரண்டாவது கோரிக்கையை ஆலைக்காரர்கள் எல்லோரும் ஆதரிக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். 26 கிலோ சாக்குக்கு ஆர்டர் கொடுத்து அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

என் கடையின் செப்டம்பர் 21 இருப்புப் பட்டியலையும், என்னிடம் சரக்கு எடுக்கும் சிறு கடைக்காரர்கள் பதினோரு பேரின் பட்டியலையும் கொள்முதல் பில் நகலோடு சங்க அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். மற்ற ஊர்க்காரர்களும் தத்தம் கணக்கை எழுதிக் கொடுத்தால், அதிகாரிகள் முன் கொண்டுபோய் வைக்கக் கையில் ஒரு கணக்கு இருக்கும்.